கண்ணில் முடி முளைத்த ஈ

வகுப்பறைச் சுவரில் யானைத் தந்தம் போன்ற ஒன்று எழுந்து நின்றது. அதன் உட்புறம் ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது.

"என்னல அது?" என்றார் ஜெயராணி டீச்சர்.

"கட்டெறும்போட தாடை, டீச்சர்" என்றான் மைதீன். அவன் கையிலிருந்த பிடியை நெல்லளவு அசைத்தால் போதும். எங்கோ கோயம்புத்தூரில் ஓர் ஆய்வு மையத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் அந்த எறும்பு நகரும். கண்ணிமைக்கும் நேரம் கழித்து, தென்காசிப் பக்கத்துக் கீழப்பாறைக்குளம் அரசுப் பள்ளியின் சுவரில் அதன் தலை திரும்பும்.

பதினோராம் வகுப்பு முழுவதும் பெஞ்சு மேல் ஏறி நின்றது. டீச்சர் இறங்கச் சொல்லவில்லை. அவரே நாற்காலியின் மேல் முழங்கால் போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு பூச்சியைச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கம் பிரபாவதி என்ற ஆராய்ச்சியாளர் அவற்றை வரிசையாக ஒட்டி, மேலே தங்கத்தை மெல்லிய பூச்சாகப் பூசி, காற்றில்லாத அறைக்குள் வைத்திருந்தார். ஒரு பூச்சி முடிந்ததும் அவர் குரல் ஒலிபெருக்கியில் வரும்: "அடுத்தது யாரு?"

"நான், மேடம்" என்று செண்பகவல்லி முன்னால் போனாள்.

அவள் அனுப்பியது ஒரு மிசின் ஈ. ஊரில் அதற்கு அதுதான் பெயர். பெட்டியின் மேல் மகரந்தச் சேர்க்கைக் கருவி என்று எழுதியிருக்கும். தேனீக்கள் அற்றுப்போனபோது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. ஆனாலும் சூரியகாந்தி மணி பிடிக்க வேண்டும், பூசணி காய்க்க வேண்டும். பூவின் பொடியை யாராவது இன்னொரு பூவுக்குச் சுமந்து போக வேண்டுமே. அதற்காக வயலுக்கு வயல் பெட்டி வைத்திருந்தார்கள். விடிந்ததும் பெட்டி திறக்கும். தேனீ அளவில், தேனீ நிறத்தில், கருவிகள் கூட்டமாகக் கிளம்பும். வெயில் ஏறியதும் திரும்பி வந்து மின்னேற்றிக்கொள்ளும். பழுதாகி விழுந்தவை செடிகளின் அடியில் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் செண்பகவல்லி அப்பாவின் சூரியகாந்தி வயலில் பொறுக்கியிருந்தாள். அதன் கண்ணாக வைத்திருக்கும் கேமராவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தலை திரையில் வந்தது. அவள் பிடியை முறுக்கி நெருங்கினாள். கேமரா இல்லை. சின்னச் சின்ன அறுகோணங்கள், ஓடு வேய்ந்தது போல, திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வளைந்து போயின.

"மேடம், இதுல நூலா ஒட்டியிருக்கு" என்றாள். "தூசி போல."

"தூசியான்னு பாரு பாப்பா. இன்னும் கிட்டப் போ."

போனாள். அறுகோணங்களுக்கு இடையில் குழி இருந்தது. குழியிலிருந்து ஒரு முடி நீண்டிருந்தது. அடுத்த குழியிலும் ஒன்று. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று நுனியில் வளைந்திருந்தது.

"கண்ணுக்குள்ள முடி முளைச்சிருக்கு" என்றாள் செண்பகவல்லி, யாரிடம் என்றில்லாமல்.

"மிசின் ஈக்கும் முடி உண்டுல்லா" என்றான் மைதீன். "பொடி ஒட்டுததுக்கு வைப்பாங்க."

"அது நைலான். எல்லாம் ஒரே தடிமன்ல, ஒரே உயரத்துல இருக்கும். இதப் பாரு." அவள் பிடியை மார்புப் பக்கம் ஓட்டினாள். அங்கே முடிகள் காடாக மண்டிக் கிடந்தன. ஒவ்வொரு முடியிலும் இருபுறமும் கிளை இருந்தது, பறவை இறகைப் போல. "இத யாரும் நட்டு வைக்கல. இது தானா முளைச்சது."

ஜெயராணி டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலால் அந்த முடியைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பிரபா மேடம்," என்றார், "நான் நெனைக்கறதுதானா?"

"தேனீதான் டீச்சர்" என்றது குரல். "நிஜத் தேனீ."

அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். எலி புகுந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு டீச்சர் கதவைச் சாத்தினார்.

செண்பகவல்லி மட்டும் சத்தம் போடவில்லை. "டீச்சர், ஒருவேளை உலகத்துலயே இது ஒண்ணுதான் இருந்திருக்குமோ? அதப் போய்க் காத்து இல்லாத பெட்டிக்குள்ள அடைக்க அனுப்பிட்டேனே."

"செத்துக் கிடந்ததத்தானே எடுத்த?"

"ஆமா."

"அப்ப எப்படிச் செத்துச்சுன்னு பாரு. அழுது என்னத்துக்கு ஆகும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறக்கைக்குப் போனாள். வலப்பக்க இறக்கை முழுசாக இருந்தது. இடப்பக்க இறக்கை பாதியில் முடிந்திருந்தது. ஓரம் நைந்து கிழியவில்லை. ஐந்து இடத்தில் பல் பதிந்து, நடுவிலிருந்த ஒரு பல் மட்டும் ஆழமாக இறங்கி, சீராக நறுக்கியது போல இருந்தது.

"இந்தப் பல்ல நான் பாத்திருக்கேன்" என்றான் மைதீன் மெதுவாக. பூவுக்குள் சேர்ந்த குப்பையை வெட்டி வாரித் தள்ள மிசின் ஈயின் முன்காலில் ஒரு சீப்பு உண்டு. அவன் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறான்.

"ஒண்ணு அனுப்பு தம்பி" என்றார் பிரபாவதி. "அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம். இப்ப உங்க நேரம் முடியப் போகுது. பின்னங்கால ஒரு தடவை பாத்துருங்க."

பின்னங்காலில் பூம்பொடி அப்பியிருந்தது. பெரும்பாலும் முள் உருண்டைகள். அவை சூரியகாந்தி என்று எல்லோருக்கும் தெரிந்தது. இடையிடையே வேறு மாதிரியும் இருந்தது: பேரீச்சங்கொட்டை போல நீளமாக, நடுவில் ஒரு கீறலோடு.

"தென்னை" என்றார் டீச்சர்.

கீழப்பாறைக்குளத்தைச் சுற்றிப் பெரும்பாலும் மானாவாரி நிலம். தென்னை என்றால் குளத்தை ஒட்டிய தோப்பு ஒன்றுதான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இணைப்பைத் துண்டிக்கும் முன் பிரபாவதி ஒன்று சொன்னார்: "படமெல்லாம் உங்க ஸ்கூலோடது. நீங்க சொல்லாம நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். வெளியே சொல்றதா வேண்டாமான்னு நீங்களே யோசிங்க."

யோசிக்க வேண்டியிருந்தது. உயிருள்ள தேனீக்கூட்டைக் கண்டால் வேளாண்மைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துறை வந்து அதை இனப்பெருக்கக் கூடத்துக்கு எடுத்துப்போகும். வடக்கே ஒரு ஊரில் அப்படி எடுத்துப்போன கூடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை என்று டீச்சர் படித்திருந்தார். "நல்ல எண்ணத்துலதான் கொண்டு போனாங்க," என்றார், "ஆனா எல்லாம் செத்துப் போச்சு."

"அப்ப நாமளே பாத்துக்குவோம் டீச்சர்" என்றது வகுப்பு.

சனிக்கிழமை காலை தோப்பில் ஆளுக்கொரு மரமாகப் பிரிந்து அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்து வலித்ததே தவிர ஒன்றும் தென்படவில்லை. பழைய மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோதுதான் மைதீன் சுவரில் காதை வைத்தான். கரண்டு இணைப்பு அறுந்துபோன அறை அது.

"உள்ள மோட்டார் ஓடுது" என்றான்.

கதவு இல்லாத அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். சுவரில் துருப்பிடித்த ஃபியூஸ் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு வயர் போன துளை வழியாக ஒன்று வெளியே வந்து, முன்கால்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பறந்தது. இன்னொன்று கால் நிறைய மஞ்சளோடு உள்ளே போனது. செண்பகவல்லிக்குக் கையெல்லாம் புல்லரித்தது. சுவரில் மலை போலப் பார்த்த அந்தக் கண்களெல்லாம் இப்போது உயிரோடு, கடுகு அளவுக்கு, அவள் முகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"அந்தக் கண்ணுலயும் முடி இருக்கும்" என்று மைதீனின் காதில் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சீப்பையும் இறக்கையையும் திரையில் அடுத்தடுத்து வைத்தார்கள். மைதீன் சீப்பின் படத்தை இறக்கை மேல் நகர்த்தினான். ஐந்து பல்லும் ஐந்து வெட்டிலும் போய் உட்கார்ந்தன. நீளமான நடுப்பல் ஆழமான வெட்டில் இறங்கியது.

யாரும் கைதட்டவில்லை.

"ஏன் மேடம் வெட்டுது?" என்றாள் செண்பகவல்லி. "தேனீக்கு எதிரா அப்படிச் செஞ்சு வச்சிருக்காங்களா?"

"எதிரான்னு ஒண்ணும் இல்ல பாப்பா. பூவுக்குள்ள காஞ்ச இதழ், அசுவினி, சிலந்தி நூல்னு எது கிடந்தாலும் அகற்றிட்டு உட்காருன்னு எழுதி வச்சிருக்காங்க. அத எழுதும்போது தேனீ இல்லையே. இல்லாத ஒண்ண விட்டுருன்னு யாரு எழுதுவா?"

"அப்ப தேனீ திரும்பி வந்தாலும்..."

"வந்ததும் வெட்டும். குப்பைன்னு நெனச்சு."

அன்று மாலை செண்பகவல்லி நேராக வயலுக்குப் போனாள். சூரியகாந்தி முக்கால்வாசி மலர்ந்து நின்றது. அவள் அப்பா ஆவுடையப்பன் வரப்பில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"யப்பா, நம்ம பெட்டிய மூடணும்."

அவர் தீக்குச்சியை அணைத்தார். "என்ன மூடணும்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "பூ பூத்து நிக்கி பிள்ள. இப்பப் போய்ப் பெட்டிய மூடுனா அத்தனையும் பதராப் போகும். பொறவு வருசம் பூரா எதத் திங்க? ஒங்க டீச்சர் வந்து ஆக்கிப் போடுவாங்களா?" என்றார்.

"நாங்க கையால தேச்சு விடுதோம். ஒரு பூ மொகத்த இன்னொரு பூவுல வச்சு மெதுவாத் தேச்சாப் பொடி மாறிரும். பூ முடியுதமட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில கிளாசு முழுக்க வாரோம்னு சொல்லிருக்கு."

"கிளாசு வரும். ரெண்டு நாளைக்கு வரும்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்படி ஒரு ஈ இருக்குன்னு நீ சொல்லுத. நான் பாக்கல. பாத்துட்டு வாரேன், இரு."

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். மேலுதடு இட்லி போல வீங்கியிருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. செண்பகவல்லி பதறிப்போனாள்.

"ஃபியூஸ் பெட்டி மூடியத் திறந்து பாத்தேன்" என்றார் குழறலாக. "கொட்டிட்டு."

"எத்தனப்பா?"

"யாரு எண்ணுனா?" உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலியிலும் அவர் முகத்தில் ஏதோ ஒரு பெருமை இருந்தது. "மிசின் ஈ இத்தன வருசமா நம்ம வயல்ல கெடக்கு. என்னைய யாருன்னு அதுக்குத் தெரியுமா? இது வாசல்லயே நிப்பாட்டி, நீ யாருல என் வீட்டுக்குள்ளன்னு கேட்டுட்டு, பாத்துக்கோ." துண்டை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டார். "பெட்டிய மூடு. தேய்க்க வாரேன்னு சொன்னவன் ஒருத்தன் வரலைன்னாலும் நான் ஸ்கூலுக்கே வந்துருவேன்."

எல்லோரும் வந்தார்கள். பள்ளி மணி அடிக்கும் முன்னால் வயல் முழுக்க நீல வெள்ளைச் சீருடையாக இருந்தது. இரண்டு பூவைக் கழுத்தில் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் காம்பு ஒடியும். மூக்கும் கன்னமும் சட்டைக் காலரும் மஞ்சளாகி, பிள்ளைகள் மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்தவர்கள் போல வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஜெயராணி டீச்சர் தலையிலிருந்து பொடி கொட்ட வேதியியல் நடத்தினார். தலைமையாசிரியர் கேட்டதற்கு, "செய்முறைப் பயிற்சி சார்" என்றார். பொய்யில்லை.

அவர்களோடு தேனீக்களும் வேலை செய்தன. தேய்த்துக்கொண்டிருக்கும் கைக்குப் பக்கத்துப் பூவிலேயே வந்து உட்காரும். அப்போது யாரும் அசைய மாட்டார்கள்.

ஆனால் ஆவுடையப்பன் வயல் மட்டும் ஊரல்லவே. வரப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவர் சூரியகாந்தி, அதற்கும் அப்பால் பூசணி, பாகல். அங்கெல்லாம் பெட்டிகள் திறந்தபடிதான் இருந்தன. ஒரு நாள் செண்பகவல்லி வரப்போரம் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. மைதீன் ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் உள்ளங்கையில் இறக்கை நறுக்கப்பட்ட தேனீக்கள். ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது.

"எத்தன வயல நாம மூட முடியும்?" என்றாள். "நாம ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு, கடைசியில ஒண்ணுகூட மிஞ்சாது. குப்பைன்னு வெட்டச் சொல்லுத அந்த ஒத்த விதியத்தான் மாத்தணும். மாத்தணும்னா சொல்லணும்."

"சொன்னா கூட்ட எடுத்துட்டுப் போவாங்க."

"தெரியும்."

அன்று வகுப்பில் பெரிய சண்டை. சொல்லக் கூடாது என்றவர்கள்தான் அதிகம். "நாம கண்டுபிடிச்சது, நம்ம தேனீ" என்று ஒருத்தி அழுதாள். டீச்சர் எந்தப் பக்கமும் பேசவில்லை. கடைசியில் மைதீன் எழுந்து, "நம்ம தேனீதான். அதனாலதான் சொல்லணும்" என்றான். மெதுவாகக் கைகள் உயர்ந்தன. அழுதவளும் உயர்த்தினாள்.

மதியம் பிரபாவதியை அழைத்தார்கள். செண்பகவல்லிதான் பேசினாள். "மேடம், படத்தையெல்லாம் துறைக்குக் குடுத்துருங்க. கூடு எங்க இருக்குன்னும் சொல்லுதோம். கூட்ட எடுத்துட்டுப் போனாலும் பரவாயில்ல. மிசின் ஈக்கு எழுதி வச்ச விதிய மட்டும் மாத்தச் சொல்லுங்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மைதீன் கம்பியை ஆட்டிப் பார்த்தான்.

"நிச்சயமா சொல்றீங்களா?" என்றார் பிரபாவதி. அவர் குரல் மாறியிருந்தது.

"நிச்சயமா."

"இந்த வார்த்தைய யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கேன் பாப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. நான் சிலர்கிட்ட அனுமதி கேட்கணும்."

"யாருகிட்ட?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

துறை அதிகாரிகளிடம்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தார்கள். கூட்டை எடுத்துப்போகும் வண்டி எந்த வழியாக வரும் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஆவுடையப்பனும் பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுவரில் வெளிச்சம் வந்தது. பூச்சி எதுவும் வரவில்லை. ஒரு வகுப்பறை தெரிந்தது. இவர்களைப் போலவே பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க கொல்லிமலைப் பக்கம்" என்றது பிரபாவதியின் குரல். "நேத்துதான் சம்மதிச்சாங்க."

திரை இரண்டாகப் பிளந்தது. இன்னொரு வகுப்பறை. "இவங்க வேதாரண்யம்." பிறகு நான்கானது. "இது சத்தியமங்கலம். இது பெரியகுளம்." கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போயின. சில இடங்களில் சீருடை வேறு. ஓர் இடத்தில் ஆசிரியர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார். மைதீன் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டான்.

"எல்லாரும் என்கிட்ட ஒரு பூச்சி அனுப்பினவங்க" என்றார் பிரபாவதி. "எல்லாருமே இருக்கறது இது ஒண்ணுதான்னு நெனச்சாங்க. அத யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு வாயத் திறக்கல. படம் அவங்களோடது, நானும் சொல்ல முடியல. ஒரே ஒரு கூடுன்னா கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. இத்தனை ஊர்க் கூட்டையும் எந்தக் கூடத்துல கொண்டு வைப்பாங்க? விதியத்தான் மாத்தியாகணும்."

கடைசி பெஞ்சில் ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

எல்லாக் கட்டங்களிலும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதில் ஒன்றுமே கேட்கவில்லை. பிரபாவதி ஒவ்வொரு ஒலியாக அடைத்து ஒரே ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினார். அது மாநில எல்லை தாண்டி, சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளி. பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி நின்றிருந்தாள். அவள் ஏதோ கேட்டாள். கன்னடம். இங்கே யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அதுவும் புரியவில்லை. அவள் கொஞ்சம் யோசித்து, தன் ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், அதன் மேல் முடி முளைத்திருப்பது போல விரலை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். பிறகு கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள்.

செண்பகவல்லி மைக்கை மறந்துவிட்டாள். தலையை மட்டும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே நின்றாள்.